மடிக்கணினிக்கு ஒரு ஸ்டோர் அறை

பெற்றோர்களே! கல்லூரிக்குப் போன பிள்ளை விடுமுறையில் வீடு திரும்பி, "மடிக்கணினி நிறைந்துவிட்டது, படம் வரைய முடியவில்லை" என்று சொன்னால், உடனே சீட்டுப் பணத்தை எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். நிறைந்துபோவது வேறு, கெட்டுப்போவது வேறு. அரிசி மூட்டை, சைக்கிள், பழைய தையல் இயந்திரம், தீபாவளிக்கு வாங்கிய பெயிண்ட் டின் எல்லாவற்றையும் முன்கூடத்திலேயே அடுக்கி வைத்தால் கால் வைக்க இடமிருக்காது. அதற்காக வீடு இடிந்துவிட்டது என்றா சொல்வோம்? பின்னால் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறதே, அதைத் திறந்து சாமான்களை மாற்றுவோம் அல்லவா? கணினிக்கும் அதே கதைதான். ஆனால் சாமானை மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. அந்த முறையைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று போலிடெக்னிக், தொழிற்கல்லூரி, சமூகக் கல்லூரி என்று பல இடங்களில் வரைகலை படிக்கிறார்கள். கட்டடத் திட்டம், இயந்திர உதிரிப்பாகம், விளம்பரத் தாள், சட்டைக்கான அச்சு என்று எதுவானாலும் கணினியில்தான் வரைகிறார்கள். அதற்கான மென்பொருள்கள் இடம் தின்னும் ராட்சதர்கள். 1982-இல் முதன்முதலாக வெளிவந்த ஆட்டோகேட் இன்று குறைந்தது 10 ஜிபி இடம் கேட்கிறது. கட்டடக் கலைக்காரர்கள் பயன்படுத்தும் ரெவிட் 30 ஜிபி கேட்கிறது. இவற்றோடு போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் என்று ஒவ்வொன்றாக ஏற்றினால் சின்னக் கணினி என்ன செய்யும்?

2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வரைகலை வேலைக்குத் தாங்கும் புதிய மடிக்கணினி அந்த ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்குவது அரிது. ஆகவே, 'புதுசு வாங்கு' என்பதைக் கடைசி யோசனையாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். மகள் என்னிடம் படித்துப் போனவள், இப்போது கட்டுமானப் பொறியியல் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை இருவரும் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

"டீச்சர், டவுன்ல கடையில காட்டினேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணுமாம், இல்லாட்டி வேற வாங்கணுமாம். என்ன செய்யலாம் சொல்லுங்க" என்றார் தகப்பனார்.

அந்தப் பெண் பேசவில்லை. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய இரண்டு மாடி வீட்டின் திட்டம் அதற்குள் இருந்தது. கடைக்காரர் அழித்திருந்தால் ஒரு பருவத்து உழைப்பும் போயிருக்கும்.

கணினியைத் திறந்து பார்த்தோம். சி டிரைவ் சிவப்புக் கோடாக நின்றது. 119 ஜிபியில் 2 ஜிபிகூட மிச்சமில்லை. அதற்குப் பக்கத்திலேயே டி டிரைவ் என்று இன்னொன்று இருந்தது. அதில் 931 ஜிபி! உள்ளே ஓர் உறவினர் திருமணப் படங்கள் மட்டும்தான். மூன்று வருடமாக ஒரு பெரிய அறை பூட்டியபடியே கிடந்திருக்கிறது. "இது என்னமோ கம்பெனிக்காரங்களோடதுன்னு நினைச்சேன் டீச்சர்" என்றாள் அவள்.

இது அந்த ஒரு வீட்டுக் கதையல்ல. சில ஆண்டுகளுக்கு முன் விற்ற மடிக்கணினிகள் பலவற்றில் இப்படித்தான் இரண்டு டிரைவ் வைத்துக் கொடுத்தார்கள். ஒன்று சிறியது, வேகமானது. இன்னொன்று பெரியது, மெதுவானது. உங்கள் பிள்ளையின் கணினியிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மஞ்சள் கோப்புறைப் படத்தைத் திறந்து, 'திஸ் பிசி' என்பதைத் தட்டினால் எல்லா டிரைவும் வரிசையாகத் தெரியும். பெட்டியில் 128 என்று எழுதியிருக்கிறதே, திரையில் 119 என்று காட்டுகிறதே, யாராவது திருடிவிட்டார்களா என்று பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அந்தக் கணக்கு வித்தியாசம்தான் அது. 256 வாங்கினால் 238 தெரியும், 1 டிபி வாங்கினால் 931 தெரியும். (ஏன் சி-யில் தொடங்குகிறது, ஏ-யும் பி-யும் எங்கே என்று என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். அவை பழைய காலத்து நெகிழ்தட்டுகளுக்கு ஒதுக்கிய எழுத்துகள். தட்டுகள் போய்விட்டன, எழுத்துகள் காலியாகவே நிற்கின்றன.)

சரி, இடம் இருக்கிறது. ஆட்டோகேட் கோப்புறையை அப்படியே பிடித்து இழுத்து டி-யில் போட்டுவிடலாமா? கூடாது! இங்கேதான் பலரும் இடறி விழுகிறார்கள்.

நம் தோட்டத்து ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். மருந்தடிக்கும் பம்பு எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்பதை ஸ்டோர் கிராணி தன் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார். நீங்கள் அவருக்குச் சொல்லாமல் பம்பைத் தூக்கிப் பக்கத்துக் கொட்டகையில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? கேட்டு வருகிறவருக்கு அவர் புத்தகத்தைப் பார்த்துப் பழைய அலமாரியைத்தான் காட்டுவார். அங்கே இருக்காது. விண்டோஸுக்கும் அப்படி ஒரு புத்தகம் உண்டு. அதற்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். மென்பொருளை ஏற்றும்போது அது எங்கே இருக்கிறது, அதன் துணைக் கோப்புகள் எவை என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடுகின்றன. ஆகவே இடம் மாற்ற வேண்டுமானால், பழையதை முறைப்படி நீக்கிவிட்டு, புதிய இடத்தைச் சொல்லி மறுபடி ஏற்ற வேண்டும். அப்போதுதான் புத்தகம் திருந்தும்.

விண்டோஸின் செட்டிங்ஸ் பகுதியில் 'இனிப் புதிய செயலிகளை இந்த டிரைவில் வை' என்று ஒரு வசதி இருக்கிறதே என்று விவரம் தெரிந்த பிள்ளைகள் கேட்கலாம். அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கும் செயலிகளுக்குத்தான். ஆட்டோகேட்டும் போட்டோஷாப்பும் அதற்குக் கட்டுப்படமாட்டா.

இனி வேலையைத் தொடங்கலாம். முதலில் செய்ய வேண்டியது நீக்குவது அல்ல. பிள்ளை வரைந்த படங்களை எல்லாம் எடுத்து இரண்டு இடத்தில் நகல் வைப்பதுதான். ஒரு நகல் டி டிரைவில், இன்னொரு நகல் கணினிக்கு வெளியே ஒரு பெண்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ. டிடபிள்யூஜி என்று முடியும் கோப்புகள்தான் ஆட்டோகேட் படங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றிலும் தேடுங்கள். பிள்ளைகள் எதை எங்கே வைத்தோம் என்று மறப்பதில் நம்மை மிஞ்சியவர்கள். நகல் எடுத்த படத்தை ஒருமுறை திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த காரியம்.

அந்தப் பெண் இன்னொரு சந்தேகம் கேட்டாள்: "நீக்கிட்டா லைசன்ஸ் போயிடுமா டீச்சர்?" போகாது. ஆட்டோகேட் நிறுவனமான ஆட்டோடெஸ்க், தகுதியுள்ள மாணவர்களுக்கு மென்பொருளை இலவசமாகவே தருகிறது. ஓராண்டுக்குத் தந்து, மாணவராக இருக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் விடுகிறது. அந்த உரிமை கணினியோடு ஒட்டியதல்ல, பிள்ளையின் கணக்கோடு ஒட்டியது. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் நினைவிருந்தால் போதும். நீக்குவதற்கு முன்பே அந்தக் கணக்கில் ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுங்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மறந்துவிட்டுப் பிறகு விழிப்பது பலருக்கு வழக்கம்.

இங்கே ஒரு வார்த்தை. இப்படி இலவசமாகக் கிடைப்பதை அறியாமல், கடையில் காசு கொடுத்துக் 'கிராக்' போட்ட மென்பொருளை ஏற்றிக்கொண்டு வரும் பிள்ளைகள் ஏராளம். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று அந்தக் கிராக்கே கேட்கும். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பதற்குச் சமம் அது. எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை.

நீக்கும் இடம் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' என்ற பகுதி. நீக்கிய பின் கணினியை அணைத்து மூட்டுங்கள். டி டிரைவில் புதிய கோப்புறை ஒன்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத சிறு பெயராக வையுங்கள். பிறகு ஆட்டோடெஸ்க் கணக்கிலிருந்து மறுபடி இறக்குங்கள். பல ஜிபி இறங்க வேண்டும் என்பதால் தோட்டத்தில் கைப்பேசி இணையத்தை நம்பி உட்கார வேண்டாம். பக்கத்தில் அரசாங்கத்தின் 'நாடி' இணைய மையம் இருந்தால் அங்கே போகலாம், அல்லது கல்லூரியிலேயே செய்துகொள்ளலாம்.

ஏற்றும்போது ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டவுடன், எங்கே வைப்பது என்று கேட்கும் ஒரு திரை வரும். அதில் சி டிரைவின் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று ஏற்கெனவே எழுதியிருக்கும். எல்லாரும் அவசரத்தில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிவிட்டுப் போகும் இடம் இதுதான்! அங்கே நின்று, பக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தைத் தட்டி, டி டிரைவில் நீங்கள் வைத்த கோப்புறையைக் காட்டுங்கள். இந்தத் திரையைத் தாண்டிவிட்டால் பின்னர் மாற்ற வழியில்லை. மறுபடி நீக்கி மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.

டி-யில் ஏற்றிய பிறகும் சி டிரைவில் கொஞ்சம் இடம் பிடிக்கத்தான் செய்யும். பொதுவான துணைக் கோப்புகள், பயனரின் அமைப்புகள், தற்காலிகக் கோப்புகள் ஆகியவை சி-யிலேதான் தங்கும். அதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். சாமான் கொட்டகைக்குப் போனாலும் சாவி வீட்டு ஆணியில்தானே தொங்குகிறது? ஆனால் தேவையில்லாமல் தங்கும் ஒன்று உண்டு. சி டிரைவைத் திறந்தவுடன் 'ஆட்டோடெஸ்க்' என்று ஒரு கோப்புறை தெரியலாம். ஏற்றுவதற்காகப் பிரித்துப் போட்ட மூட்டை அது. சில வேளை அதுவே பல ஜிபி இருக்கும். மென்பொருள் நன்றாகத் திறக்கிறது என்று உறுதியான பிறகு அதை டி-க்கு நகல் எடுத்துவிட்டு சி-யிலிருந்து நீக்கலாம்.

அதே உற்சாகத்தில் விண்டோஸ் கோப்புறைக்குள் போய் 'இன்ஸ்டாலர்' என்ற கோப்புறையை அழித்துவிடாதீர்கள். பெரிதாக இருக்கிறதே என்று அழித்தவர்கள், பிறகு பல மென்பொருள்களை நீக்கவும் முடியாமல் புதுப்பிக்கவும் முடியாமல் திண்டாடுகிறார்கள்.

ஆட்டோகேட்டைத் திறந்து 'ஆப்ஷன்ஸ்' என்று தட்டெழுதினால் ஒரு பெட்டி வரும். அதில் 'ஃபைல்ஸ்' பக்கத்தில் தானாகச் சேமிக்கும் கோப்புகளின் இடம் குறித்திருக்கும். அதையும் டி-க்கு மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டோகேட் தானே ஒரு நகல் எழுதி வைக்கும். மின்சாரம் போனாலும் கணினி நின்றாலும் பிள்ளையின் படத்தை மீட்டுத் தருவது அந்த நகல்தான். சி டிரைவ் முழுக்க நிறைந்திருந்தால் அது எழுதப்படாமலே போய்விடும்.

போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு முறை கொஞ்சம் வேறு. அவற்றை ஏற்றும் 'கிரியேட்டிவ் கிளவுட்' என்ற மேலாளரைத் திறந்து, 'பிரிஃபரன்சஸ்', 'ஆப்ஸ்' என்று போனால் இடம் மாற்றும் வசதி இருக்கும். மாற்றிய பிறகு ஏற்றுபவை மட்டுமே புதிய இடத்துக்குப் போகும். ஏற்கெனவே இருப்பவை நகரா. ஆனால் போட்டோஷாப்பில் பெரிய இடம் தின்னி மென்பொருளே அல்ல, அது வேலை செய்யும்போது எழுதிக்கொள்ளும் தற்காலிகக் கோப்புதான். அதை எழுதும் இடத்துக்கு 'ஸ்கிராட்ச் டிஸ்க்' என்று பெயர். சும்மா விட்டால் சி-யிலேதான் எழுதும். பெரிய படமொன்றைத் திறந்து பல அடுக்குகளில் வேலை செய்தால் பல ஜிபி போய்விடும், பாதியில் 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது' என்று சொல்லி நின்றுவிடும். 'எடிட்', 'பிரிஃபரன்சஸ்', 'ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ்' என்று போய் டி-யைக் குறியிடுங்கள். திறக்கவே மறுக்கிறதென்றால், திறக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட் இரண்டு விசைகளையும் அழுத்திக்கொண்டிருந்தால் அந்தத் திரை வரும்.

டி டிரைவ் சுழலும் தட்டு வகையாக இருந்தால் மென்பொருள் திறக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். தேநீர் ஆற்றும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பிறகு கோடு போடுவதில் பெரிய வித்தியாசம் இராது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அது குலுங்கக் கூடாது. கணினியை அணைக்காமல் பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் தோட்டத்துச் செம்மண் சாலையில் போனால், அந்தத் தட்டு நீண்ட நாள் வாழாது. மூடியை மூடினால் மட்டும் போதாது, முழுக்க அணைத்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும்.

எங்கள் கணினியில் இரண்டாவது டிரைவே இல்லையே என்கிறீர்களா? கொஞ்சம் பழைய மடிக்கணினியில் டிவிடி போடும் வாய் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு, அதே அளவுச் சட்டம் ஒன்றில் டிரைவை வைத்துச் செருகலாம். அந்தச் சட்டம் 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிப்பில் வருகிறது. அளந்து பார்த்து வாங்க வேண்டும். வேறு சில கணினிகளில் உள்ளே ஓர் எஸ்எஸ்டி வைக்கக் காலி இடம் விட்டிருப்பார்கள். மாடல் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் கடையில் சொல்வார்கள். புதிய டிரைவைப் பொருத்தியவுடன் அது திரையில் தெரியாது. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற இடத்தில் அதை முதலில் தயார் செய்து, என்டிஎஃப்எஸ் முறையில் அமைக்க வேண்டும். அதே திரையில் பழைய டிரைவும் பக்கத்திலேயே நிற்கும். அதைத் தவறித் தொட்டு அமைத்துவிட்டால் எல்லாம் அழிந்துபோகும். பிள்ளைக்குக் கை நடுங்கினால், கூடத் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யட்டும்.

உள்ளே இடமே இல்லாத மெல்லிய கணினிகளுக்கு வெளியே செருகும் எஸ்எஸ்டி உண்டு. அதை யுஎஸ்பி 3 வாயில் செருக வேண்டும். பழைய யுஎஸ்பி 2 வாயில் செருகினால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். விண்டோஸ் இன்றைக்கு அதை ஈ என்றும் நாளைக்கு எஃப் என்றும் கூப்பிட்டால் மென்பொருள் வழி தெரியாமல் நிற்கும். ஆகவே டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே அதற்கென்று ஓர் எழுத்தை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். வேலை நடக்கும்போது அதை உருவவே கூடாது. பத்து வெள்ளிப் பெண்டிரைவில் ஆட்டோகேட் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். படம் சுமப்பதற்குத்தான் அது, மென்பொருள் ஓட்டுவதற்கு அல்ல.

ஒரே டிரைவை இரண்டாகப் பிரித்து சி, டி என்று பெயர் வைத்திருக்கும் கணினிகளும் உண்டு. அங்கேயும் இந்த முறை பலிக்கும். ஆனால் அது ஒரே அறைக்கு நடுவே பலகை வைத்த மாதிரி. அந்த டிரைவ் கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். எந்தக் கணினியானாலும், டி-யில் இருக்கிறது என்பதற்காக வெளியே வைத்த நகலை அழித்துவிட வேண்டாம்.

நான் சொன்ன அந்தப் பெண்ணின் கணினியில் அன்றைக்கே படங்களை டி-க்கும் பெண்டிரைவுக்கும் மாற்றினோம். அதிலேயே கொஞ்சம் இடம் கிடைத்ததால் இரண்டு மாடி வீட்டை அப்படியே முடித்து ஒப்படைத்தாள். ஆட்டோகேட்டை நீக்கி ஏற்றும் வேலையைத் திங்கட்கிழமைக்குப் பிறகு கல்லூரியில் அவளே செய்துகொண்டாள். ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது மென்பொருளில் கை வைக்கலாகாது என்று நான்தான் தடுத்தேன்.

உங்கள் வீட்டில் இந்த வேலை முடிந்த அன்று, பிள்ளையைப் பழைய படம் ஒன்றைத் திறந்து ஒரு கோடு போட்டு, டி-யில் சேமித்து, எல்லாவற்றையும் மூடி, கணினியையும் அணைத்து மூட்டி, மறுபடி திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கோடு அங்கே இருக்கிறதா என்று நீங்களே எட்டிப் பாருங்கள். பிறகு 'திஸ் பிசி'யில் சி டிரைவின் கோடு சிவப்பிலிருந்து நீலமாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னும் சிவப்பாகவே இருந்தால், டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கும் சினிமாப் படங்களைப் பற்றி அவனிடமோ அவளிடமோ கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.